பூனைக்கு அப்பா தந்த சம்மதம்

பாப்பா,

இந்தக் கடிதத்தை உன் வீட்டு முகவரிக்கு அனுப்பவில்லை. நீ வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு, உன் பெயரோடு டீச்சர் என்று சேர்த்து அனுப்புகிறேன். போனில் அனுப்பினால் அதை யார் முதலில் படிப்பார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தம்பியிடம் சொல்லி அனுப்பலாம் என்றால் அவன் பாதியை முழுங்கிவிட்டு மீதியைத் தன் பெண்டாட்டியிடம் சொல்வான். அதனால் உன் அப்பாவின் பழைய டைரியிலிருந்து தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உனக்குக் கல்யாணமான இந்த நாலு வருஷத்தில் நான் ஒரு வரி எழுதியதில்லை. எல்லாவற்றையும் வாயால் சொல்லியே தொலைத்துவிட்டேன், வினையெல்லாம் அதில்தான் வந்தது. படிக்கும்போது நடுவில் உனக்குக் கோபம் வரும். வரட்டும். ஆனால் கடைசி வரைக்கும் படித்துவிட்டுக் கோபப்படு.

முதலில் சின்ன விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏழு மாதமாக நான் கிரிவலம் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுப் பூனைகளிடம் போய்க்கொண்டிருக்கிறேன். சிரிக்காதே. தையில் தம்பி கல்யாணம் முடிந்து அவனும் மருமகளும் சென்னைக்குப் போன பிறகு, வேங்கிக்கால் வீட்டில் நானும் உன் அப்பாவும்தான். அவரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இத்தனை வருஷம் பஸ் ஓட்டி, எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. இப்போது டிவியில் செய்தி வாசிப்பவர்களோடு சண்டை போடுகிறார். நான் சமையலறையிலிருந்து கூடத்துக்கு, கூடத்திலிருந்து மாடிக்கு, மாடியிலிருந்து திரும்பச் சமையலறைக்கு நடந்துகொண்டிருந்தேன். ஜன்னலுக்கு ஜன்னல் கம்பி, வாசலுக்கு கிரில் கேட். நாமே ஆசைப்பட்டுக் கட்டிய வீடுதான். ஆனாலும் சில நாள் அந்தக் கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி அரை மணி நேரம் நின்றிருக்கிறேன். போகக் கூடாது என்று யாரும் என்னைத் தடுக்கவில்லை. எங்கே போகிறாய் என்றால் சொல்ல ஒரு பதில் வேண்டுமே, அதுதான் என்னிடம் இல்லை. இந்த ஊரில் கிரிவலம் என்று சொன்னால் யாரும் மேலே ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள்.

முதல் நாள் நிஜமாகவே மலை சுற்றத்தான் கிளம்பினேன். பங்குனி வெயில். அடி அண்ணாமலை தாண்டும்போது ரோட்டோரத்தில் ஒரு பெண் கம்பிக் கூண்டின் மேல் துணியைப் போட்டு மூடப் பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றில் துணி நிற்கவில்லை. "அம்மா, ஒரு நிமிசம் இந்தத் துணிய புடிச்சுனு இருக்கீங்களா? உள்ள இருக்கறது பயத்துல மூஞ்ச மோதிக்குது" என்றாள். பிடித்துக்கொண்டேன். உள்ளே வயிறு பெருத்த ஒரு பெட்டைப் பூனை, மூக்கில் ரத்தம். துணி முழுக்க மூடியதும் அது சத்தத்தை நிறுத்திவிட்டது. "இருட்டா இருந்தா அடங்கிடும்மா. கூண்டுதான்னு தெரியாது அதுக்கு" என்றாள். அவள் பெயர் நஸீமா. டவுனில் தலைமுறையாக மெத்தைக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண், உன்னைவிட ஐந்தாறு வயது பெரியவள் இருப்பாள். அடி அண்ணாமலையில் அவர்களுக்கு இருந்த கொஞ்சம் நிலத்தில் ஷெட் போட்டு, சுற்றிலும் வலை கட்டி, ஆள் இல்லாத பூனைகளை வைத்துப் பார்க்கிறாள். அன்றைக்கு மலையைப் பாதியில் விட்டுவிட்டு அவள் பின்னாலேயே போனவள்தான் நான்.

பௌர்ணமிக்கு மறுநாள் அங்கே வேலை ஜாஸ்தி. வெளியூரிலிருந்து வருகிறவர்களில் சிலர் வீட்டில் வேண்டாத பூனையைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து, கிரிவலப் பாதையில் விட்டுவிட்டு, அண்ணாமலையார் பார்த்துக்கொள்வார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். "சாமி பாக்கறாரு, இல்லங்கல. சோறு நான்தான் வைக்கறேன்" என்பாள் நஸீமா. நான் பூனைகள் அசிங்கம் பண்ணும் மணல் தட்டு மாற்றுவேன், மத்தி மீனை வேகவைத்து முள் எடுத்துச் சோற்றில் பிசைவேன், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் முடிந்து வந்தவைகளுக்கு ஊசிக்குழாயில் மருந்து புகட்டுவேன். வெள்ளிக்கிழமை காலையிலும் மீன் பிசைந்துவிட்டு, எலுமிச்சம்பழத் தோலால் கையைத் தேய்த்துக் கழுவி, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, மலை சுற்றிக் களைத்தவள் போல முகத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைவேன். புடவையில் ஒட்டிய முடியை ஆட்டோவிலேயே தட்டிவிடுவேன். இந்த வயதில் இவ்வளவு நன்றாகப் பொய் சொல்ல வருகிறதே என்று எனக்கே ஒரு பெருமை இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

அங்கே மல்லி என்று ஒரு சாம்பல் நிறப் பூனை. ஒரு கண் இல்லை, வயதும் ஆகிவிட்டது. அதை இரண்டு வீட்டார் ஆசையாகக் கேட்டு எடுத்துப் போய், இரண்டு பேருமே திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். இரண்டாவது தடவை கொண்டுவந்தபோது நான் அங்கே இருந்தேன். நல்ல வசதியான வீட்டுப் பெண்மணி. எனக்கு வாய் சும்மா இருக்குமா? ஏன் கொண்டுவந்துட்டீங்க, என்ன பண்ணுச்சு, இன்னும் பத்து நாள் வைத்துப் பார்த்திருக்கலாமே என்று கேட்க ஆரம்பித்தேன். நஸீமா என் கையைப் பிடித்து அழுத்தினாள். அந்த அம்மாவிடம், "குடுங்க. நல்லவேளை கொண்டாந்தீங்க" என்று மட்டும் சொல்லிக் கூடையை வாங்கிக்கொண்டாள். அவர்கள் போன பிறகு என்னிடம் சொன்னாள். "ஏன்னு நாங்க கேக்கறதே இல்லம்மா. ஒரு தபா கேட்டோம்னு வைங்க, அடுத்த தபா இங்க கொண்டாற வெக்கப்படுவாங்க. ரோட்டுல வுட்டுட்டுப் போயிடுவாங்க. திரும்பி வர்ற எடத்துல கேள்வி இருக்கக் கூடாது."

அவள் பூனையைப் பற்றித்தான் சொன்னாள். நான் மீன் சட்டியை வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. போன வருஷம் ஆவணியில் ஒரு புதன்கிழமை மத்தியானம், ஓசூரிலிருந்து தனியாக பஸ் ஏறி, கையில் ஒரு துணிப்பையும் காலில் வீட்டுக்குள் போடும் செருப்புமாக நீ வந்து நின்றாயே, அந்த நாள். உள்ளே வா என்பதற்கு முன்னால் நான் எத்தனை கேள்வி கேட்டேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். மாப்பிள்ளைக்குத் தெரியுமா? சண்டையா? யார் முதலில் ஆரம்பித்தது? பஸ்ஸில் தெரிந்தவர்கள் யாராவது பார்த்தார்களா? எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்றாளா? நீ ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கு வெளியே நின்றாய்.

"அவரு ஆபீஸ் போறப்ப வெளிய பூட்டிட்டுப் போறாரும்மா. ஆறு மாசமா. இன்னிக்கு மறந்துட்டாரு. அதான் வந்துட்டேன்" என்றாய். நான் அதற்கு என்ன சொன்னேன்? "பாதுகாப்புக்குப் பூட்டறாரோ என்னமோ பாப்பா" என்றேன். இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது. வயிறு பெருத்த பூனையின் கூண்டுக்குத் துணி போட்டு மூடியது மாதிரி, நீ சத்தம் போடாமல் இருந்தால் போதும் என்றுதான் அப்போது நினைத்தேன். உன் முகத்தில் நான் எதைப் பார்க்கவில்லை என்பதை இப்போது தினமும் பார்க்கிறேன்.

சாயங்காலம் அப்பா வந்தார். உன்னைக் கண்டதும் வந்த வழியே திரும்பிப் போய்க் கறி வாங்கிக்கொண்டு வந்தார். அவரிடம் எதுவும் சொல்லாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உனக்குக் கண்ணைக் காட்டினேன். சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே நீ கேட்டாய், "நான் இங்கயே இருக்கட்டுமாம்மா?" தம்பிக்கு அடுத்த மாதம் நிச்சயம் வைத்திருந்தோம். பெண் வாழாமல் வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதுதான் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அதையா உன்னிடம் சொன்னேன்? "அப்பா ஒத்துக்க மாட்டாரு பாப்பா. அவர் வாயால போன்னு சொல்றதுக்கு முன்னாடி நீயே போயிடு, அதான் மரியாதை" என்றேன். நீ அடுத்த வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தாய். காலையில் அப்பா வண்டியில் உன்னைப் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் விட்டார். உன் ஜன்னல் பக்கம் வந்து பிஸ்கட் பொட்டலமும் தண்ணீர் பாட்டிலும் நீட்டினாராம், நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். இது வரைக்கும் உனக்குத் தெரியும்.

தெரியாததைச் சொல்கிறேன். அப்பா அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை. அவரிடம் நான் கேட்கவே இல்லை. பூட்டு விஷயமும் அவருக்குத் தெரியாது. அன்று காலை அவர் பல் தேய்த்துக்கொண்டே, "ஒரு பத்து நாள் இருக்கச் சொல்லேன், எளச்சுப் போயிருக்குது" என்றார். அதற்கு நான், "அவளே போறேன்னு நிக்கிறா, மாப்பிள்ளைக்குச் சமைக்கணுமாம்" என்றேன். உன்னிடம் அவரைக் காட்டினேன், அவரிடம் உன்னைக் காட்டினேன். வண்டியில் அவர் பேசாமல் வந்தது கோபத்தில் என்று நீ நினைத்திருப்பாய். பெண்ணுக்குப் புருஷன் வீடுதான் பெரிதாகிவிட்டது, நம்மோடு இரண்டு நாள் இருக்கப் பிடிக்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டு வண்டி ஓட்டியிருக்கிறார்.

இது அன்றைக்கு மட்டும் செய்ததாக இருந்தால் நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பேன். நீ மூன்றாம் வகுப்பில் ஒரு பூனைக்குட்டியைப் புத்தகப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தாய். அப்பா பார்த்தால் தூக்கி எறிந்துவிடுவார் என்று சொல்லி, நான்தான் அதைக் கூடையில் போட்டு மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டு வந்தேன். அவர் அன்று சேலம் டூட்டி. பத்தாம் வகுப்பு டூருக்கு அப்பா வேண்டாம் என்றார் என்றேன். சென்னையில் மேல்படிப்புக்கு உனக்கு இடம் கிடைத்தபோதும் அப்பா ஹாஸ்டலுக்கு ஒத்துக்கொள்ள மாட்டார் என்றேன். அவரிடம், உனக்குச் சென்னை பிடிக்கவில்லையாம் என்றேன். எனக்குப் பயம், பாப்பா. உன்னைத் தனியாக அனுப்ப எனக்குப் பயம். ஆனால் நம் வீடுகளில் அம்மா வேண்டாம் என்றால் அழுதோ அடம்பிடித்தோ மாற்றிவிடலாம், அப்பா வேண்டாம் என்றால் அங்கேயே முடிந்தது. என் அம்மாவும் இப்படித்தான் என்னை வளர்த்தாள். என் பயத்தையெல்லாம் அவர் தலையில் ஏற்றி வைத்தேன். அவருக்கு ஏற்கெனவே சத்தமான தொண்டை, எல்லாரும் நம்புவதற்கு அது போதுமாக இருந்தது. நல்ல அம்மா என்ற பெயர் எனக்கு, பொல்லாதவர் என்ற பெயர் அவருக்கு. உனக்கு நான் தர ஒரு புத்திமதி இருக்கிறதென்றால் இதுதான். யாருக்கு வேண்டாம் என்று சொன்னாலும் அதை உன் பெயரிலேயே சொல். உன் பயத்துக்கு இன்னொருவரை முதலாளியாக்காதே. நான் ஆக்கினேன். கடைசியில் அந்த முதலாளி இல்லாமல் ஒரு வார்த்தை பேச எனக்கு வராமல் போய்விட்டது.

நஸீமாவிடமும் இதையேதான் செய்தேன். மல்லியை யாரும் எடுக்கப் போவதில்லை என்று தெரிந்துவிட்டது. அது என் மடியில் வந்து உட்கார ஆரம்பித்திருந்தது. "நீங்களே எடுத்துட்டுப் போங்களேம்மா" என்று அவள் நாலைந்து தடவை கேட்டாள். ஒவ்வொரு தடவையும், "எனக்கு ஆசைதான், வீட்டுக்காரர் ஒத்துக்க மாட்டார், அவருக்குப் பூனைன்னாலே ஆகாது" என்றேன். அவருக்குப் பூனை ஆகுமா ஆகாதா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. நஸீமாவின் இடத்தில் ஒரு சட்டம் உண்டு. பூனை போகும் வீட்டை நேரில் வந்து பார்ப்பாள், அந்த வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் அவரவர் வாயால் சரி என்று சொல்ல வேண்டும். "ஒருத்தருக்காக இன்னொருத்தர் சொல்றது செல்லாது. அப்டிக் குடுத்த பூனைங்கதான் திரும்பி வருது" என்பாள். போன ஞாயிற்றுக்கிழமை, நான் தடுக்கத் தடுக்க, "நான் வந்து சார்கிட்ட பேசிப் பாக்கறேன். வேணாம்னா வேணாம்" என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேவிட்டாள்.

உன் அப்பா லுங்கியும் பனியனுமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள், "சார், நான் நஸீமா, அடி அண்ணாமலைல பூனைங்க வெச்சிருக்கேன், அம்மா எங்ககூட…" என்று ஆரம்பித்ததும் நான் நடுவில் புகுந்து, காபி குடிக்கிறியா என்று கேட்டேன். அவர் நிதானமாக, "தெரியும், உக்காரும்மா" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "மலை சுத்தறவ எவளாச்சும் தினம் செருப்பு மாட்டினு போவாளா? மொத வாரமே தெரியும் எனக்கு. அப்பால மீன் நாத்தம் வேற. எங்கயோ நல்ல எடத்துக்குத்தான் போறா, வந்தா மூஞ்சி தெளிவா இருக்குது, போவட்டும்னு வுட்டுட்டேன்." இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான், வெறுங்காலோடு போக வேண்டும் என்று தோன்றாமல் போயிற்றே. நஸீமா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அம்மாக்கு ஒரு பூன மேல ஆசை சார். உங்களுக்குப் புடிக்காதுன்னு சொன்னாங்க. அதான் உங்க வாயால கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"எனக்குப் புடிக்காதா? யாரு சொன்னது?"

"அம்மாதான்."

"நான் எப்ப சொன்னேன்?" என்று என்னைக் கேட்டார். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை.

"நீங்க சொல்லல. சொல்லுவீங்கன்னு நெனச்சேன்" என்றேன்.

அவர் பேப்பரை மடித்து வைத்தார். "இந்த வூட்ல நான் சொல்லாத பேச்சு நெறைய சுத்தினு இருக்குது போல" என்றார். அப்புறம் நஸீமாவிடம், "எனக்குச் சம்மதம்மா. எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டுப் போட்டுக் கொடுத்தார். அவள் மாடியில் வலை எங்கே கட்ட வேண்டும் என்று காட்டிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனாள். அவளை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு நான் வேண்டுமென்றே கேட்டைப் பூட்டத் தாமதம் செய்துகொண்டு நின்றேன். உள்ளே போக எனக்குத் தைரியம் இல்லை.

உள்ளே போனதும் அவர் கேட்டது ஒரே கேள்விதான். "போன வருசம் ஆவணில பாப்பா வந்துட்டுப் போச்சே. அதுகிட்ட நான் இன்னா சொன்னேன்னு சொன்ன?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பூட்டையும் சொன்னேன். கத்துவார், கையில் கிடைத்ததை வீசுவார் என்று நினைத்தேன். மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். "நான் போன் பண்ணா எடுக்காது. தம்பி கல்யாணத்துல மூஞ்சி குடுத்துப் பேசல. கல்யாணமாயிட்டா அப்பன் மேல பாசம் கம்மி ஆயிடும் போலன்னு நெனச்சுனு இருந்தேன்" என்றார். அவர் அழுது நான் இதற்கு முன் பார்த்ததில்லை. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, இப்போதே ஓசூருக்குக் கிளம்புகிறேன் என்று வண்டிச் சாவியை எடுத்தார். எடுத்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "நான் போய் நின்னா அது என்னப் பாத்து பயப்படும். அங்க அவன் வேற உஷாராயிடுவான். மொதல்ல நீ சொல்லு. அது நான் சொன்னது இல்ல, நீயா சொன்னதுன்னு சொல்லு" என்றார்.

திங்கட்கிழமை மல்லி வந்துவிட்டது. நஸீமா கூடையைத் திறந்து வைத்தாள். அது வெளியே வரவில்லை. கூடையின் பின்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு, இருக்கிற ஒரு கண்ணால் எங்களையே பார்த்தது. வா வா என்று நான் குனிந்து கூப்பிட, நஸீமா என்னை எழுப்பிவிட்டாள். "தொறந்து வெச்சுட்டு நீங்க உங்க வேலையப் பாருங்கம்மா. பாத்துனே நின்னா வராது. ரெண்டு எடத்துலருந்து திரும்பினது, நம்பறதுக்கு நாளாவும்." அன்று முழுக்க அது வரவில்லை. மறுநாள் காலையில் கூடை காலி, பீரோவுக்கு அடியில் போய்ப் படுத்திருக்கிறது. நாங்கள் இல்லாதபோது மட்டும் சாப்பிடுகிறது. உன் அப்பா அதற்குக் கேட்கக் கூடாது என்று டிவி சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறார். செய்தி வாசிப்பவர்களைத் திட்டுவதையும் கிசுகிசுப்பாகத் திட்டுகிறார்.

தையிலிருந்து நீயே போராடி வேலைக்குப் போகிறாய், இப்போது பூட்டு இல்லை என்று தம்பி சொன்னான். பள்ளிக்கூடம் விட்டு இருபது நிமிஷத்துக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்பதும் அவன் வாயிலிருந்து தவறி விழுந்தது. அப்படியானால் பூட்டு இருக்கிறது, கதவில்தான் இல்லை. நீ ஞாயிறுதோறும் என்னைக் கூப்பிட்டு நல்லா இருக்கேன் என்று சொல்லும்போதெல்லாம், பக்கத்தில் யார் நிற்கிறார் என்று எனக்குக் கேட்கிறது. உனக்கு வரத் தோன்றினால், வீட்டிலிருந்து கிளம்பாதே. உன் சர்டிபிகேட்டுகளை ஒன்றிரண்டாகப் பையில் போட்டுக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் வைத்துவிடு. ஒரு நாள் அங்கிருந்தே பஸ் ஏறு. துணிமணி ஒன்றும் வேண்டாம். சம்பந்தி வீட்டில் என்ன சொல்வார்கள், எதிர்வீட்டில் என்ன கேட்பார்கள் என்று எனக்கு இன்றைக்கும் பயமாகத்தான் இருக்கிறது. பயம் போய்விட்டது என்று உன்னிடம் இன்னொரு பொய் சொல்ல மாட்டேன். அது என் பயம், அதை நான் வைத்துக்கொள்கிறேன். உன்னை வாசலில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்க மாட்டேன். வர வேண்டாம் என்று உனக்குத் தோன்றினாலும் அது உன் முடிவு. ஆனால் அப்பா விடவில்லை என்பதற்காக அங்கே இருந்துவிடாதே, அப்படி ஒரு அப்பா கிடையாது.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அதற்கு உனக்கு எத்தனை வருஷம் வேண்டுமோ எடுத்துக்கொள். உன் அப்பாவிடம் மட்டும், பள்ளிக்கூடத்து போனிலிருந்தாவது, ஒரு தடவை பேசு. அதைத் தள்ளிப் போடாதே.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை காலையில் அவர், "பாப்பாகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார். சொல்லிட்டேன் என்று சொல்லிவிட்டேன். அப்போது நான் ஒரு வரி எழுதியிருக்கவில்லை. அதிலிருந்து அவர் குளிக்கப் போனாலும் போனைக் கையோடு எடுத்துப் போகிறார். சாப்பிடும்போது இடது கைப் பக்கம் வைத்துக்கொள்கிறார். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. காலையில், "இன்னும் கோவம் தீரல போல அதுக்கு, தீரட்டும்" என்றார். உனக்கு எல்லாம் தெரிந்தும் நீ கூப்பிடவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் இன்னும் தபால் பெட்டி வரைக்கும்கூட நடக்கவில்லை. இதோ எழுந்துவிட்டேன்.

அம்மா